பிறவுணியை யாரிடம் காட்டுவது, எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

பிள்ளை, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் உரும்பிராயில் இருக்கிறீர்கள். மூன்று வயதுப் பெட்டை நாய் பிறவுணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஓரிடத்தில் பத்து நாள் ஊசி போட்டீர்கள். எழும்பியது, மறுபடி படுத்துவிட்டது. பிறகு வேறோரிடத்துக்குக் கொண்டு போனீர்கள், அங்கே டொக்சிசைக்ளின் என்ற கிருமிகொல்லிக் குளிசை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய காசு முழுவதும் முடிந்துவிட்டது. முதலிடத்தில் என்ன ஊசி போட்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட உங்கள் கையில் இல்லை. நல்ல மிருக வைத்தியரை எப்படித் தெரிந்துகொள்வது, இன்னொரு முறை இப்படி வந்தால் செலவை எப்படித் தாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியர் அல்ல. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்து ஓய்வு பெற்றவன். வைத்தியர் மாட்டைப் பார்க்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன். எத்தனையோ வைத்தியர்களின் கையையும், எத்தனையோ வீட்டுக்காரரின் முகத்தையும் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராணி வளர்க்கிறவர்களை முறிக்கிற செலவில் பெரும்பங்கு பிந்திப் போவதால் வருகிறது; மீதியில் பாதி, காசைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறக்கக் கூச்சப்படுவதால் வருகிறது.

வைத்தியரைத் தேடும் நாள் நாய் படுத்த நாளாக இருக்கக் கூடாது. நாய் வாலாட்டிக்கொண்டு ஓடித் திரிகிற ஒரு நாளில், தடுப்பூசிக்கென்றோ பூச்சிக் குளிசைக்கென்றோ கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைப் பாருங்கள். அவசரத்தில் போகிறவருக்கு ஆராயும் அறிவு வராது. யார் கதவு திறந்திருக்கிறதோ அங்கே போவார், என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

முதலாவது, அவர் பதிவு பெற்ற வைத்தியரா என்பது. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி மிருக வைத்தியர்கள் பதிவுசெய்யப்பட வேண்டும். நம் நாட்டில் இந்தப் படிப்புக்கு இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் ஒன்றுதான். வெளிநாட்டில் படித்து வந்து பதிவு பெற்றவர்களும் இருக்கிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மருந்துத் துண்டில் அவருடைய இறப்பர் முத்திரையில் அது இருக்கும். ஊசி போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட மாட்டார்கள். எனக்கும் ஊசி போடத் தெரியும். ஆனால் உங்கள் நாய்க்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க என்னிடம் வராதீர்கள். அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தை நம்மவர்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் உரியது என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலான வேலை சினைப்படுத்தலும் பால்மாட்டு வருத்தங்களும்தான் என்பது உண்மை. ஆனாலும் நாயையும் பூனையையும் அங்கே காட்டலாம். சாதாரண நோய்க்கும் ஆலோசனைக்கும் அதைவிடச் செலவு குறைந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது. வைத்தியர் வெளிக்களத்துக்குப் போகிற நாட்கள் உண்டு, ஆகவே போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். எக்ஸ்ரே, ஸ்கான், உடனடி இரத்தப் பரிசோதனை, இரவில் சேலைன் ஏற்றி வைத்துப் பார்ப்பது என்று வரும்போது தனியார் கிளினிக் வேண்டியிருக்கும். என் யோசனை, இரண்டையும் அறிந்து வைத்திருங்கள். வழக்கமானதற்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. இரவு எட்டு மணிக்குமேல் தொலைபேசியை எடுப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை யார் என்று இன்றைக்கே கேட்டுச் சுவர்க் கலண்டரில் எழுதி வையுங்கள்.

இனி வைத்தியரின் கையைப் பார்ப்பது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு நாய் வீமன் ஒரு முறை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனைப் பார்த்த வைத்தியர் வயதில் இளைய பிள்ளை. முதலில் தராசில் ஏற்றினார். பிறகு வெப்பமானியை வைத்துவிட்டு, அது வேலை செய்யும் நேரத்தில் என்னிடம் கேள்வி கேட்டார்: கடைசியாக எப்போது சாப்பிட்டான், சிறுநீர் என்ன நிறம், வளவில் எலிக்கு மருந்து வைத்தீர்களா, தோட்டத்துக்கு மருந்தடித்த நாளா? மேலுதட்டை உயர்த்தி ஈறைப் பார்த்தார். பெருவிரலால் ஈறை அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். சுகமான நாய்க்கு இரண்டு விநாடிக்குள் சிவந்துவிடும். கழுத்தின் தோலைக் கிள்ளி உயர்த்தி விட்டார். தாடையின் கீழும் பின்னங்காலின் மடிப்பிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். கடைசியாக முன்னங்காலைத் தூக்கி விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்தார். மூன்றாவது இடுக்கில் பயற்றங்கொட்டை அளவில் ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஐயா, இதைக் கண்டீர்களா?" என்று கேட்டார். நான் காணவில்லை. நாள்தோறும் அந்தக் காலைத் தடவியவன் நான்.

அதற்கு அவர் எடுத்த நேரம் பத்து நிமிடம் இருக்கும். நாயைத் தொடாமலே, "காய்ச்சலாக்கும்" என்று சொல்லி ஊசியை நிரப்புகிறவரிடம் அந்தப் பத்து நிமிடம் இல்லை. அந்த இடத்தில் மிச்சமான நேரத்துக்கு நீங்கள் பிறகு காசு கட்டுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஊசி போட்ட உடனே எழும்பிவிட்டது, கைராசிக்காரர்" என்று வைத்தியரை அளக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்டீரொயிட் ஊசி போட்டால் பல வருத்தங்களில் நாய் அன்று மாலையே எழும்பிச் சாப்பிடும். இரண்டு மூன்று நாளில் மருந்து இறங்கியதும் முன்னையைவிட மோசமாகப் படுக்கலாம். அந்த மருந்துக்குரிய இடங்கள் இருக்கின்றன, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விரைவாக எழும்பியது என்பதை வைத்தியத்தின் தரமாக எடுக்காதீர்கள். பிறவுணி எழும்பி மறுபடி படுத்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல முடியாது, ஏனென்றால் எதைப் போட்டார்கள் என்று உங்களிடமே எழுத்தில் இல்லை. அதனால்தான் அடுத்த விஷயம் முக்கியமாகிறது.

எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் நிறை, காய்ச்சல் எவ்வளவு, சந்தேகப்படும் நோய், போட்ட ஊசியின் பெயர், அளவு. ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி நாயின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது வைத்தியரிடம் போக நேர்ந்தால் அந்தக் கொப்பி உங்களுக்குப் பெரிய காசு மிச்சம் பிடித்துத் தரும். செய்த பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டியதில்லை, கொடுத்த மருந்தை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. தடுப்பூசி போடும்போது குப்பியில் இருக்கும் சிறு லேபிளை உரித்து அட்டையில் ஒட்டுகிறாரா என்று பாருங்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து உங்கள் கண் முன்னே எடுக்கிறாரா, வீட்டுக்கு வந்து போடுகிறவர் ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டு வருகிறாரா என்று கவனியுங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிள் பையில் வந்த மருந்துக்குக் கொடுத்த காசு தண்ணீருக்குக் கொடுத்த காசு.

காசைப் பற்றிப் பேசுவது எப்படி? கூச்சத்தை விடுங்கள். வைத்தியர் நாயைப் பார்த்து முடித்ததும், ஊசியை எடுப்பதற்கு முன், இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், இன்றைக்கு எவ்வளவு வரும்? முழுதாகக் குணமாகும் வரைக்கும் உத்தேசமாக எவ்வளவு வரும்? என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. அதற்குள் முதலில் எதைச் செய்வது நல்லது?" நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். எந்தப் பரிசோதனை கட்டாயம், எதை இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செய்யலாம், எது செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்று பிரித்துச் சொல்வார். ஒரு பரிசோதனையின் விடை எதுவானாலும் கொடுக்கப்போகும் மருந்து ஒன்றுதான் என்றால், அதைக் குறைத்துக்கொள்ளலாம். உண்ணிக் காய்ச்சலில் இரத்தப் பரிசோதனை அப்படியானது அல்ல. உண்ணியால் வருவது ஒரே வருத்தம் இல்லை. ஒரு கிருமிக்கு டொக்சிசைக்ளின் குளிசை 28 நாள் கொடுக்க வேண்டும். இன்னொன்றுக்கு அந்தக் குளிசை மட்டும் போதாது, வேறு ஊசியோ வேறு மருந்துகளோ வேண்டும். எது என்று பார்க்காமல் மாறி மாறிக் கொடுப்பதைவிடப் பரிசோதனைக்குக் கொடுக்கும் காசு குறைவு.

டொக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல், அமொக்சிசிலின் போன்றவை மனிதருக்கும் கொடுக்கும் மருந்துகள். வைத்தியர் நிறைக்கு ஏற்ற அளவை எழுதித் தந்தால் சாதாரண பாமசியிலேயே வாங்கலாம், பல வேளைகளில் மலிவாகவும் இருக்கும். "பாமசியில் வாங்கக்கூடியதை எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஆனால் துண்டு இல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குறிப்பாகப் பனடோல் (பரசிற்றமோல்). பூனைக்கு ஒரு பனடோல் குளிசை உயிரைக் குடிக்கப் போதும். முகம் வீங்கி, ஈறு மண்ணிறமாகி, மூச்சு வாங்கிச் செத்த பூனையை ஒருவர் துவாயில் சுற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காய்ச்சலென்று பிள்ளைக்குக் கொடுப்பதைப்போல அன்போடு கொடுத்திருக்கிறார். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இபுபுரூபன், டைக்குளோபெனாக் போன்ற வலிக் குளிசைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இவை எல்லாம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

சரி, எதற்கு முன்கூட்டிச் செலவழிப்பது?

விசர்நாய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ எப்போது, எங்கே என்று கேளுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடம் ஒன்று. பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட கொடிய தொற்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தனியாகக் காசு கொடுத்துப் போட வேண்டியது. ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு முறை, பதினாறு கிழமை வரை. பலர் முதல் ஊசியைப் போட்டுவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். அதனால்தான் பதினாறு கிழமை வரை தொடர வேண்டும். பார்வோ வந்த குட்டியைப் பல நாள் சேலைன் ஏற்றி வைத்துப் பார்க்கும் செலவோடு அந்த ஊசிகளின் விலையை ஒப்பிட வேண்டியதே இல்லை. கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்குரியது சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரால் வீட்டில் உள்ளவர்களுக்கும் வரலாம்.

உண்ணிக்கு மாதாந்தக் குளிசையோ முதுகில் விடும் துளி மருந்தோ பாவியுங்கள். இறக்குமதி மருந்துகள், விலை கூடியவை. 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ரூபாய் வரை ஏறியபோது இவற்றின் விலையும் ஏறியது, பழைய விலைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் பிறவுணிக்கு ஆன செலவை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை மாதக் குளிசை வந்திருக்கும் என்று. பெரிய நாய்க்குரிய குளிசையை வெட்டிச் சிறிய நாய்கள் இரண்டுக்குக் கொடுக்காதீர்கள்; மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நாய்க்குரிய துளி மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து சேர்ந்தது பூனையைக் கொல்லும். தோட்டத்துக்கு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் மருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வாயில் நுரை தள்ளி, கால் நடுங்கி, ஓட்டோவில் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துபோன நாய்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்ணி நாயின் உடம்பில் மட்டும் இருப்பதும் இல்லை. சுவர் வெடிப்பிலும் கூட்டின் மூலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போடுங்கள், வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். அதற்குக் காசு பெரிதாக வேண்டியதில்லை.

பிறவுணிக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டீர்களா? எழுதவில்லை. எடுக்காவிட்டால், இந்த வருத்தம் மாறி, இரத்தத்தின் அளவு சரியான பிறகு செய்துவிடுங்கள். குட்டி வராமல் இருக்க ஊசி போடலாம், மலிவு என்று யாராவது சொல்வார்கள். அந்த ஊசி கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்தையும் முலைக்கட்டி வரும் ஆபத்தையும் கூட்டுகிறது. சீழ் கட்டிய கர்ப்பப்பையை நடு இரவில் எடுக்கும் சத்திர சிகிச்சை, சுகமான நாயில் செய்வதைவிடப் பல மடங்கு செலவு. நாய் தப்புவதும் நிச்சயம் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் விலங்கு நல அமைப்புகளும் அவ்வப்போது இலவசக் கருத்தடை முகாம் நடத்துவதுண்டு. உங்கள் பிரதேச சபையில் கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டில் கடைத் தீனிதான் வேண்டும் என்றில்லை. சோறும் அவித்த சூடை மீனும் அல்லது கோழியும், கொஞ்சம் பூசணியும் போட்டு நாய் நன்றாக வளரும். வெறும் சோறும் குழம்பும் போதாது, குட்டிகளுக்கு எலும்பு வளைந்துவிடும். வளரும் குட்டிக்குக் கல்சியம் எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். வெங்காயம் சேர்ந்த கறி கூடாது. உரும்பிராய்ப் பக்கம் முந்திரிகைப் பந்தல் உள்ள வளவுகள் உண்டு என்பதால் இதையும் சொல்கிறேன்: முந்திரிகைப் பழமும் (திராட்சை), பொங்கலுக்குப் போடும் பிளம்சும் (உலர்ந்த முந்திரிகை) நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். உதிர்ந்த பழத்தைப் பிள்ளைகள் விளையாட்டாக எறிந்து கொடுப்பார்கள். அவித்த கோழி எலும்பையும் போடாதீர்கள். அது கூராக முறிந்து குடலில் குத்தும்.

காசை ஒதுக்குவது பற்றி. நாய்க்குக் காப்புறுதி எடுத்துச் சமாளிக்கும் வழக்கம் நம்மூரில் இல்லை. சீட்டுக் கட்டுகிறவர்கள் நாம். அதே ஒழுங்கை இதற்கும் வையுங்கள். மாதம் 1,500 ரூபாய் என்றால் வருடத்துக்கு 18,000. வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, ஏடிஎம் அட்டை இல்லாமல். வருடாந்தத் தடுப்பூசியையும் உண்ணிக் குளிசையையும் அதிலிருந்து எடுக்காதீர்கள், அவை அரிசி பருப்பைப் போல மாதச் செலவு. இது அவசரத்துக்கு மட்டும். அண்ணாவிடமும் சொல்லுங்கள், நாய் படுத்தபின் ஒரேயடியாக அனுப்புவதைவிட மாதா மாதம் கொஞ்சம் இந்தக் கணக்குக்குப் போடட்டும். தெரிந்த வைத்தியர் என்றால் பெரிய தொகையைத் தவணையாகக் கட்ட விடுவார். முதல் முறை வாசலில் வந்து நிற்கிறவரிடம் அந்த நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது. சுகமான நாளிலேயே போய் அறிமுகமாகுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில வருத்தங்களை இங்கே பார்க்க முடியாது என்று சொல்லிப் பேராதனை மிருக வைத்தியப் போதனா மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். வான் பிடித்து, தங்கி, திரும்புவது வைத்தியச் செலவைவிடக் கூடலாம். போகும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "அங்கே போனால் தப்பும் வாய்ப்பு எவ்வளவு? தப்பினால் எப்படி இருக்கும்?" முதிர்ந்த நாயாக இருந்து, சிறுநீரகம் முற்றாகப் போயிருந்தால், வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றியும் கேட்கலாம். அதைக் கேட்பது பாவம் என்று எண்ணி, மூச்சுத் திணறும் நாயை ஒரு கிழமை வைத்திருந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீமனின் கடைசி நாளில் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். வைத்தியர் வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில், அவன் வழக்கமாகப் படுக்கும் இடத்தில், என் மடியில் தலை வைத்திருந்தபடி முடிந்தது.

பிறவுணிக்கு வருவோம். இப்போது டொக்சிசைக்ளின் எத்தனையாவது நாள்? நாய் துள்ளுகிறது என்று இடையில் நிறுத்தாதீர்கள், 28 நாளும் கொடுங்கள். சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சத்தி எடுக்கும். முடிந்த பிறகு இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையை ஒரு முறை பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை காலையில் ஒரு முறை, முற்றத்து வெளிச்சத்தில் மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தாலோ மஞ்சள் பட்டிருந்தாலோ, சிறுநீர் கோப்பி நிறமாகப் போனாலோ, அடுத்த நாள் வரை பார்க்காமல் அன்றைக்கே கொண்டு போங்கள். கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் முந்திய இரண்டு இடங்களிலும் நடந்ததை நினைவில் உள்ள அளவுக்குத் திகதி போட்டு இன்றிரவே எழுதிவிடுங்கள்.